பாறையின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தை ஒட்டி, செடி கொடி அதிகம் இல்லாத களிமண் மேடுகள் விரிந்து கிடக்கின்றன. மழைநீர் அரித்த ஓடைக்கரைகளில் ஜிப்சம் தகடுகள் பளபளக்கும். அவற்றுக்கு நடுவே விரல் அளவில், ஒரு முனை கூராக, பழுப்புக் கற்கள் தென்படும். அவை பெலம்னைட்டுகள். கணவாய்க்கு உறவான ஒரு கடல் உயிரியின் உடலுக்குள் இருந்த கெட்டிப் பகுதி அப்படிக் கல்லாகியிருக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது.

அந்த 10 கோடி என்ற கணக்கு எப்படி வந்தது?

முதலில் வரிசை. கடலடியில் படியும் வண்டலில் கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. 1669இல் நிக்கோலஸ் ஸ்டெனோ எழுதிவைத்த விதி இது. காரைப் பகுதியின் அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்திருப்பதால், அங்கிருந்து அரியலூர்ப் பக்கம் நடந்தாலே பழையதிலிருந்து புதியதற்குப் போய்விடலாம். பிளான்ஃபோர்டு என்ற ஆய்வாளர் இவற்றை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று பிரித்து 1862இல் வெளியிட்டார். நம் ஊர்ப் பெயர்கள் அப்படித்தான் உலகப் புவியியல் நூல்களில் ஏறின.

அடுத்து, தொல்லுயிர் எச்சங்கள். இங்கே கிடைப்பவற்றில் முக்கியமானது அம்மோனைட். சாளக்கிராமத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் உருவம் புதிதல்ல. கண்டகி நதியின் அந்தக் கறுப்புக் கற்கள் பலவற்றுக்குள் சுருண்டிருப்பது அம்மோனைட்தான். அம்மோனைட் இனங்கள் விரைவாக மாறின, கடல்வழியே வெகுதூரம் பரவின, ஒருமுறை அழிந்த இனம் மறுபடி தோன்றவில்லை. அதனால் மோர்டோனிசெராஸ் என்ற அம்மோனைட் காரை அடங்கிய ஊட்டத்தூர் அடுக்கிலும் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் களிமண்ணிலும் கிடைக்கும்போது, இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தவை என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. அரியலூர் அடுக்குகளுக்கு மேலே உள்ள நின்னியூர் அடுக்குகளில் அம்மோனைட்டே கிடையாது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை அழித்த பேரழிவு, அவற்றையும் முடித்துவிட்டது.

இதுவரை கிடைத்தது முன்பின் வரிசைதான். ஆண்டுக்கணக்கைத் தருவது எரிமலைச் சாம்பல். வட அமெரிக்காவில் அம்மோனைட் அடுக்குகளுக்கு இடையிடையே சாம்பல் படிந்திருக்கிறது. அதிலுள்ள படிகங்களில் பொட்டாசியம்-40 இருக்கும். 125 கோடி ஆண்டுகளில் அது பாதியாகக் குறையும். அதில் ஒரு பங்கு ஆர்கானாக மாறும். எவ்வளவு ஆர்கான் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் சாம்பல் விழுந்த காலம் தெரிந்துவிடும். அதே கால அம்மோனைட்டுகள் உள்ள காரை அடுக்குகளுக்கும் அந்த வயதே பொருந்தும். கார்பன்-14 முறை இதற்கு உதவாது. அது சுமார் 50,000 ஆண்டு வரைதான் எட்டும்.

பூமியின் வயதோ இதைவிட மிகப் பெரியது. பூமியின் தொடக்ககாலப் பாறைகள் உருகியும் சிதைந்தும் போய்விட்டதால், கிளேர் பேட்டர்சன் என்ற ஆய்வாளர் பூமியோடு சேர்ந்து உருவான விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து, 1956இல் 455 கோடி ஆண்டுகள் என்றார். இன்றைய கணக்கும் ஏறத்தாழ அதேதான்.

காரைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மோனைட் கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த அடுக்கில் இருந்தது என்பது தெரியாமல் போனால் ஆய்வுக்கு அதன் பயன் பெரும்பாலும் போய்விடும். படம் எடுத்துக்கொண்டு, கல்லை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.