வைத்தியர் வருகிறார், ஏன் நிற்பதில்லை?

“கட்டடம் இருக்குது பாதர், மருந்தும் இருக்குது. பார்க்கத்தான் ஆளில்லை.” நாம் குடியிருப்புகளுக்குப் போகும்போது அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் தாய்க்கு அன்றைய கூலியும் போய்விடுகிறது. காணியை விட்டு வந்து கூலிவேலையில் வாழும் குடும்பத்துக்கு இது சிறிய நட்டமல்ல. வைத்தியசாலைகளுக்கு ஆட்களைச் சேர்க்கவும் நிறுத்தி வைக்கவும் அரசாங்கம் செய்வது என்ன, அது ஏன் நமது ஊர்வரை வந்து சேர்வதில்லை என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஆட்கள் வரும் வழி

நமது நாட்டில் அரச வைத்தியசாலைச் சிகிச்சை 1951 முதல் இலவசம். வைத்தியரை உருவாக்கும் பல்கலைக்கழகப் படிப்பும் இலவசம். படித்து முடித்தவர் ஒரு வருட உள்ளகப் பயிற்சி பெறுகிறார். பின்னர் சுகாதார அமைச்சு வெற்றிடப் பட்டியலை வெளியிட, புள்ளி வரிசைப்படி இடங்களைத் தெரிகிறார்கள். முன்வரிசையில் உள்ளவர்கள் வசதியான இடங்களை எடுத்த பின் மிஞ்சுவது கஷ்டப் பிரதேசம். ஆகவே நம்மிடம் வருபவர் பெரும்பாலும் விரும்பி வந்தவரல்லர். குறித்த காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்கிறார். அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. விடுதிக் கூரை ஒழுகுகிறது, கிணற்றுத் தண்ணீர் உவர், பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் தூரம்.

முன்பு சிற்றூர் வைத்தியசாலைகளைத் தாங்கியவர்கள் நாம் ‘அப்போதிக்கரி’ என்று அழைத்த உதவி வைத்தியர்கள். அவர்களுக்கான பயிற்சி 1990களில் நின்றுபோனது. ஓய்வு பெற்றுப் போனவர்களின் இடத்துக்கு அதே வகையில் வேறு ஆள் வரவில்லை.

நிறுத்தி வைக்கும் முயற்சிகள்

2022 இல் பொருளாதாரம் விழுந்தபோது பல வைத்தியர்களும் தாதியரும் வெளிநாடு சென்றனர். அதே ஆண்டில் அரச ஊழியர் ஐந்து வருடம்வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போய் உழைக்கலாம் என அரசாங்கம் அனுமதித்தது. ஓய்வு பெறும் வயதும் 65 இலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டது. ஒரு கையால் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு மறு கையால் வரம்பை வெட்டியது போலாயிற்று. பின்னர் வைத்தியர்களுக்கு அந்த வயது 63 ஆக உயர்த்தப்பட்டது.

2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வைத்தியர்களின் விசேட கொடுப்பனவை 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக்கத் தீர்மானித்தார்கள். உடனே மற்றைய சுகாதார ஊழியர் சங்கங்கள் தமக்கும் வேண்டுமென்று வேலைநிறுத்தத்தில் இறங்கின. அவர்களுடைய ஆதங்கத்தில் நியாயம் உண்டு. தாதி, மருந்தாளர், ஆய்வுகூடத்தவர், சிற்றூழியர் இல்லாமல் வைத்தியர் ஒருவரால் வைத்தியசாலை நடப்பதில்லை.

மண்ணின் பிள்ளைகள்

பணம் வேண்டும், ஆனால் பணம் மட்டும் ஒருவரைக் கிராமத்தில் நிறுத்தாது. கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்களைத் தெரிந்து பயிற்றுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2010 இலேயே நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. இதற்குச் சான்று தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. ஏறக்குறைய ஒன்றரை வருடப் பயிற்சி பெற்ற நமது குடும்பநல மாதுவைப் பாருங்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எந்தக் குழந்தைக்கு ஊசி போடவில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வடக்கு வைத்தியசாலைகளில் சுகாதாரத் தொண்டர்களாக நின்று பணியாற்றியவர்களும் நமது அயல் பிள்ளைகளே. அவர்கள் நிரந்தர நியமனம் கேட்டுத் தெருவில் இருக்க வேண்டி வந்தது நமக்கெல்லாம் வேதனை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பிள்ளைகளின் படிப்பு. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடும், பின்தங்கிய மாவட்டங்களுக்கென 5 சதவீதமும் உண்டு. வடக்கு, கிழக்கு மாவட்டங்கள் யாவும் அதில் அடங்கும். தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தி வேண்டும். பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு கிடைக்கிறது. விண்ணப்ப அறிவித்தல் வர்த்தமானியில் வரும். அதைப் பார்த்துச் சொல்லும்படி அதிபரிடமோ பங்குத் தந்தையிடமோ கேளுங்கள். இடப்பெயர்வால் படிப்பு குழம்பியது உண்மை. அதற்காகப் பெண்பிள்ளையைச் சாதாரண தரத்தோடு மறித்துவிடாதீர்கள். கிட்டிய பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லையென்றால், அதைக் கேட்டுப் பெறுவதும் வைத்தியசாலைக்காகச் செய்யும் வேலைதான்.

இரண்டாவது, வந்தவரைத் தாங்குதல். விடுதி வளவைத் துப்புரவாக்கவும் கிணற்றை இறைக்கவும் ஒரு சிரமதானம் போதும்.

மூன்றாவது, சேர்ந்து கேட்டல். எந்த வெற்றிடம் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதைக் குறித்து, கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுதுங்கள். பிரதியொன்றை வைத்திருங்கள்.

எவ்வளவு பசியிலும் விதைநெல்லில் கைவைக்காத குடிகள் நாம். படிக்கக்கூடிய பிள்ளை ஒவ்வொன்றும் இவ்வூரின் விதைநெல்.