சவ்வூடு பரவல்

சவ்வூடு பரவல் என்பது, நீரை எளிதில் கடத்திக் கரைபொருளைத் தடுக்கும் சவ்வின் வழியாக, கரைபொருட் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்திற்கு நீர் செல்வதாகும். இது நீரின் பரவலே ஆதலால் உயிரணு இதற்கென ஆற்றல் செலவிடுவதில்லை.

நெல்வேரின் உயிரணுச் சாறு வயல்நீரை விடச் செறிவானது. எனவே நீர் உள்ளே புகுகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது, பூம்புகார் அமைந்துள்ள காவிரிக் கழிமுகக் கடலோரத்தில் பல வயல்களில் கடல்நீர் புகுந்தது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. இது வேர்ச்சாற்றின் செறிவை விஞ்சுவதால் நீர் வேரணுக்களிலிருந்து வெளியேறும், முதலுரு சுருங்கும். வயலில் நீர் நின்றாலும் பயிர் வாடும். (மீனில் உப்பிட்டால் நீர் கசிவதும் பெரும்பாலும் இவ்விளைவே.)

நன்னீரைத் தேக்கி வடித்தால் மண்ணின் உப்பு குறையும். களிமண்ணில் ஒட்டிய சோடியத்தை நீக்க ஜிப்சமும் இடுவர்.