ஒரே ஒரு பிரதி!

"உங்களுக்கென்ன சார்... ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து நாள் பூரா புத்தகம் படிக்கிறீங்க. அதுக்கு கவர்ன்மென்ட் சம்பளம் வேற!"

பொண்ணு பார்க்கப் போன வீட்டிலிருந்து ரேஷன் கடை க்யூ வரைக்கும் இந்த வசனத்தைக் கேட்காத நூலகர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. நான் நாகர்கோவில் வடசேரியில் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். கடைசியாக ஒரு நாவலை முழுசாகப் படித்தது எப்போது என்று யோசித்தால்... வேண்டாம், அது சோகக் கதை. போன வாரம் வியாழக்கிழமை என்ன நடந்தது என்று சொல்கிறேன், அப்புறம் நீங்களே சொல்லுங்கள்.

பூட்டைத் திறக்கும்போதே வாசலில் ஆறு பேர். ரிட்டயர்டு வாத்தியார்கள், கனகமூலம் சந்தையில் காய் வாங்கின பையோடு ஒருத்தர். எல்லாருக்கும் ஒரே பேப்பர்தான் வேண்டும், அதிலும் நடுப்பக்கம்! பாகப்பிரிவினை முடிவதற்குள் பஸ் ஸ்டாண்ட் கூட்டம் வந்துவிடும். "திருநெல்வேலி வண்டிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு சார்" என்று உட்காருவார்கள். கண் பேப்பரில், காது ஹாரனில். குறுக்கெழுத்தை யாரோ பேனாவால் நிரப்பி வைத்திருப்பார், பாதி தப்பு. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஒரு ஜன்னல்! பிளேடு போட்டிருக்கிறான் மகராசன். அதே விளம்பரத்தைத் தேடி வந்த இன்னொரு வேலையில்லாத பையன் அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தான் பாருங்கள், அதற்கு என்ன பதில் சொல்ல?

பின்பக்க பெஞ்ச் டி.என்.பி.எஸ்.சி. பையன்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த இடம். அவர்கள் புத்தகம் கேட்பதில்லை. நாற்காலியும் நிசப்தமும் போதும், வீட்டில் அது ரெண்டும் இல்லை. ஒருத்தன் பாஸாகி மிட்டாய் கொண்டுவந்தால் மற்றவர்கள் சிரித்துக்கொண்டே தின்றுவிட்டு ஒரு வாரத்துக்கு யாரோடும் பேசாமல் படிப்பார்கள்.

இந்த வேலை போரடிக்குமா என்று கேட்டால், எங்கள் குலதெய்வத்துக்கே போரடித்திருக்கிறது! சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணக்கு வாத்தியார். 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். ஆளே இல்லாத ஹாலில் சும்மா உட்கார முடியாமல், 'என்னைத் திரும்ப வகுப்புக்கே அனுப்புங்கள்' என்று கெஞ்சினார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். போனவர் வேறு மனுஷனாகத் திரும்பினார். 1931ல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதியே, புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான் என்பது. அதே 1931ல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் நூலகம் கிளம்பியது. 1948ல் சென்னை மாகாணம் நூலகச் சட்டமே போட்டது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். நீங்கள் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா எங்களுக்கு வருவது அந்தச் சட்டத்தால்தான். ஆக, ஓசி ஃபேன் இல்லை சார், உங்கள் காசு ஃபேன்!

ஆனால் நடைமுறையில் ஒரு சிக்கல். ஸ்டாக் எடுக்கும்போது புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நூலகன். புத்தகம் அலமாரியில் தூங்கினால் கணக்கு சுத்தம். வெளியே போனால் எனக்குத் தூக்கம் போச்சு. முதல் விதியைப் பார்ப்பதா, சம்பளத்தைப் பார்ப்பதா?

பத்தரை மணிக்கு ஒரு காலேஜ் பொண்ணு வந்தாள். "'ஒரு புளியமரத்தின் கதை' இருக்கா சார்? திங்கக்கிழமை செமினார்."

சுந்தர ராமசாமி எங்கள் ஊரில் துணிக்கடை நடத்திக்கொண்டே எழுதியவர். 1966ல் வந்த நாவல், எங்கள் ஊரை வைத்து எழுதியது. அது இல்லாமல் நாகர்கோவிலில் ஒரு லைப்ரரியா? கம்பீரமாக எழுந்து போனேன். டியூயி தசம முறையில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று ஒரு தெருவே உண்டு. தமிழ் இலக்கியத்துக்கு 894.811, புள்ளிக்கு அப்புறம் ஒரு சந்து வீடு. அந்தச் சந்துக்குள் தலையை விட்டுத் தேடினேன். இல்லை! இருந்ததே ஒரு பிரதி. ரிஜிஸ்தரைப் புரட்டினால், ஒரு பெரியவர் எடுத்துப்போய் அஞ்சு மாசம். ரெண்டு போஸ்ட் கார்டு போட்டும் பதில் இல்லை.

"சாயங்காலம் வாம்மா" என்று சொல்லிவிட்டு, மத்தியானம் சைக்கிளை எடுத்தேன். கோயில் நகை செய்கிறவர்கள் இருக்கிற தெருவைத் தாண்டி ஓட்டு வீடு. சண்டை போடுவதற்கு வசனமெல்லாம் தயார்.

"வாரும் வே, லைப்ரேரியரே!" கட்டிலில் இருந்தபடியே குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். ரெண்டு கண்ணிலும் புரை. சர்க்கரை இறங்காததால் ஆபரேஷன் தள்ளிப்போகிறதாம். என் போஸ்ட் கார்டு ரெண்டும் ஜன்னலில் பத்திரமாக இருந்தன.

தலையணைக்குப் பக்கத்தில் புத்தகம்.

"கண்ணுதான் தெரியல்லியே அண்ணாச்சி, பின்னே எதுக்கு வச்சிருக்கிய?"

"ஞாயித்துக்கெழம பேத்தி வருவா. மூணு நாலு பக்கம் வாசிச்சுக் காட்டுவா. எழுபதாம் பக்கம் வந்தாச்சு. நான் சின்ன வயசுல பாத்த ஊரு வே அது. இப்போ கண்ண மூடினாத்தான் தெரியுது."

வசனமெல்லாம் மறந்துபோச்சு. இந்த வேகத்தில் போனால் கதை முடிய இன்னும் ஒரு வருஷம் ஆகும். தவணை தாண்டின புத்தகம்தான், ஆனால் இந்த ஊரில் இதைவிட ஒழுங்காக ஒரு புத்தகம் வாசிக்கப்படுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. பிடுங்கிக்கொண்டு வந்தால் கணக்கு நேராகும். விட்டுவிட்டு வந்தால் அந்தப் பொண்ணு வெறும் கையோடு போவாள்.

மென்று விழுங்கி, செமினார் விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளேயிருந்து அவர் சம்சாரம் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

"படிக்கிற பிள்ளைக்குக் குடும் வே. ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் எனக்குத் திருப்பித் தந்திரணும். உள்ள ஒரு பஸ் டிக்கெட் இருக்கு, அடையாளத்துக்கு. அது விழுந்திரப்பிடாது." அபராதம் எவ்வளவு என்று கேட்டு, தடவித் தடவி எண்ணிக் கொடுத்தார். வேண்டாமென்றால் கோபம்!

சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தப் பொண்ணு வந்தாள். அவர் பெயரில் வரவு வைத்து, இவள் பெயரில் பதிந்து, தேதி முத்திரை குத்தினேன். "பதினாலு நாள் கணக்கும்மா. ஆனா இதைச் சனிக்கிழமை சாயங்காலமே தரணும்."

"நாளைக்குத் தர முடியாதா, சீக்கிரம் முடிச்சிட்டா?"

"வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு."

"அவ்வளவு அவசரமா யாரு சார் கேக்கா?"

சொன்னேன். கேட்டுக்கொண்டே பக்கங்களைப் புரட்டினாள். அப்புறம், "வீடு எங்க சார்? சனிக்கிழமை நானே கொண்டுபோய்க் குடுத்திருதேன்" என்றாள்.

பெரியவரைக் கேட்காமல் வீட்டைக் காட்டலாமா? ஒரு நிமிஷம் யோசித்தேன். சனிக்கிழமை இங்கே வரட்டும், ரெண்டு பேருமாகப் போகலாம் என்று முடிவு பண்ணினேன். அதற்குள் அவள் கை எழுபதாம் பக்கத்துக்கு வந்துவிட்டது.

"அந்த டிக்கெட்டை மட்டும் எடுத்துராதம்மா!"