மரகதத் தீவு தரும் பாடம்

(பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு)

ஐரோப்பாக் கண்டத்தின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் பெருங்கடலின் அலைகள் ஓயாமல் மோதும் தீவு ஒன்று உண்டு. ஆண்டு முழுவதும் மழை பெய்வதால் அங்குள்ள புல்வெளிகள் பசுமை மாறுவதே இல்லை. ஆதலால் அதனை ‘மரகதத் தீவு’ என்று அழைப்பர். அதுவே அயர்லாந்து. பரப்பளவில் அது தமிழ்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஆயினும் அச்சிறு தீவின் மக்கள் பட்ட துன்பங்களும் அவற்றால் கற்ற பாடங்களும் பெரியவை. அவற்றுள் சிலவற்றைத் தோழியருடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடும் திருநாள்களும்

அயர்லாந்துத் தீவில் 32 மாவட்டங்கள் உள்ளன. அவற்றுள் 26 மாவட்டங்கள் சேர்ந்தது அயர்லாந்துக் குடியரசு. அதன் தலைநகரம் டப்ளின். வடக்கே உள்ள ஆறு மாவட்டங்கள் ‘வட அயர்லாந்து’ என்ற பெயரில் ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்தவை. குடியரசின் சின்னம் ‘ஹார்ப்’ என்னும் நரம்பிசைக் கருவி. அது நம் பழந்தமிழர் மீட்டிய யாழை நினைவூட்டும்.

அந்நாட்டின் பாதுகாவலர் புனித பேட்ரிக். இவர் 5ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து சிறுவனாகக் கடத்திச் செல்லப்பட்டு, அயர்லாந்தில் ஆறு ஆண்டுகள் அடிமையாக இருந்து ஆடு மேய்த்தவர். தப்பிச் சென்ற அவர், தம்மை அடிமைப்படுத்திய மக்களுக்கே நற்செய்தி அறிவிக்கத் திரும்பி வந்தார். மூன்று இலைகள் கொண்ட ‘ஷாம்ராக்’ என்னும் சிறு செடியைக் காட்டி, மூவொரு இறைவனின் மறைபொருளை அவர் விளக்கினார் என்பது மரபு. அவருடைய திருநாள் மார்ச் 17. அயர்லாந்தில் பாம்புகளே கிடையாது. அவற்றைப் புனிதர் விரட்டிவிட்டார் என்று கதை சொல்வார்கள். பனியுகம் முடிந்தபின் கடல் சூழ்ந்துகொண்டதால் பாம்புகள் அங்கு வந்து சேரவே இல்லை என்பது அறிவியலார் கூற்று.

புனித பிரிஜித்தின் திருநாள் பிப்ரவரி 1. அதையொட்டிக் கோரைப் புல்லால் சிலுவை முடைந்து வீட்டு வாசலுக்கு மேலே செருகி வைப்பர். 2023 முதல் இத்திருநாளுக்கு அரசுப் பொது விடுமுறையும் உண்டு. அக்டோபர் 31 அன்று பல நாடுகளில் கொண்டாடப்படும் ‘ஹாலோவீன்’ விழாவும் அயர்லாந்தின் பழைய அறுவடை முடிவு விழாவிலிருந்து வளர்ந்ததே. இன்று பூசணிக்காயைக் குடைந்து விளக்கு செய்கிறார்கள். அந்நாளில் ஐரிஷ் மக்கள் குடைந்தது டர்னிப் கிழங்கை!

ஐரிஷ் மொழி

அயர்லாந்து என்றதும் அங்குள்ளோரின் மொழி ஆங்கிலம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அவர்களுடைய முன்னோரின் தாய்மொழி ஐரிஷ். ஏறத்தாழ 4ஆம் நூற்றாண்டிலேயே ‘ஓகம்’ என்னும் கோட்டெழுத்துகளால் அம்மொழியைக் கல்லின் விளிம்புகளில் செதுக்கினார்கள்.

அம்மொழியின் இனிமைக்கு இரண்டு சான்றுகள் போதும். ஒருவர் ‘கடவுள் உன்னோடு’ என்று பொருள்பட வணக்கம் கூறுவார். மற்றவர் ‘கடவுளும் மரியாளும் உன்னோடு’ என்று ஒரு பெயரைக் கூட்டி மறுமொழி கூறுவார். மேலும், ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றுக்கு ஐரிஷ் மொழியில் தனிச் சொற்களே இல்லை. ‘வந்தாயா?’ என்று கேட்டால் ‘வந்தேன்’ என்றோ ‘வரவில்லை’ என்றோதான் விடை வரும். நாமும் வீட்டில் அப்படித்தானே பேசுகிறோம்!

வேலியோரப் பள்ளிகள்

ஆங்கிலேயர் ஆட்சியில் கத்தோலிக்கர்மீது கொடிய சட்டங்கள் சுமத்தப்பட்டன. 1695ஆம் ஆண்டுச் சட்டப்படி கத்தோலிக்கர் பள்ளி நடத்தக் கூடாது. பிள்ளைகளைப் படிப்பதற்காக வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. ஆனால் மக்கள் கல்வியைக் கைவிட்டார்களா? இல்லை. வயல்வெளி வேலிகளின் மறைவில் ஆசிரியர்கள் இரகசியமாகப் பாடம் நடத்தினார்கள். ஒரு மாணவன் காவல் நிற்பான், மற்றவர் படிப்பர். ஆசிரியருக்குக் கட்டணமாக வெண்ணெயும் அடுப்பெரிக்கும் புல்கரியும் கொடுத்தவர்களும் உண்டு. இவற்றை ‘வேலிப் பள்ளிகள்’ என்று வரலாறு கூறுகிறது.

இக்காலத்தில்தான் அன்னை நானோ நேகிள் (1718–1784) தோன்றினார். செல்வர் வீட்டுப் பெண்ணாகிய அவர் பிரான்சு சென்று கல்வி கற்றவர். திரும்பி வந்து, கார்க் நகரத்து ஏழைப் பிள்ளைகளுக்காகச் சட்டத்துக்குத் தெரியாமல் பள்ளிகளைத் திறந்தார். இரவில் கையில் விளக்கேந்தி ஏழைகளின் குடிசைகளுக்குச் சென்றதால் ‘விளக்கேந்திய மங்கை’ எனப் பெயர் பெற்றார். 1775இல் அவர் நிறுவிய துறவற சபையே பின்னர் ‘பிரசென்டேஷன்’ சபை ஆயிற்று. 1842இல் அச்சபையின் அருட்சகோதரியர் கடல் கடந்து சென்னைக்கு வந்து பெண்களுக்குக் கல்வி புகட்டத் தொடங்கினர். தம் நாட்டில் மறுக்கப்பட்ட கல்வியைப் பிற நாட்டுப் பெண்களுக்குக் கொண்டுவந்து கொடுத்த அந்த உள்ளத்தை என்னென்று சொல்வது!

கழுத்தில் தொங்கிய கோல்

கடுமையான சட்டங்களால் சாகாத ஐரிஷ் மொழி, 19ஆம் நூற்றாண்டில் வேறொரு வழியில் வாடத் தொடங்கியது. 1831இல் அரசு ஏற்படுத்திய தேசியப் பள்ளிகளில் பாடமொழி ஆங்கிலம். பல இடங்களில் குழந்தையின் கழுத்தில் ஒரு சிறு கோலைக் கட்டிவிடுவர். அது ஐரிஷ் பேசும் ஒவ்வொரு முறையும் கோலில் ஒரு வெட்டு. மாலையில் வெட்டுகளை எண்ணி, அத்தனை அடி! இதற்குப் பெற்றோரே உடந்தையாக இருந்ததுதான் பெரிய துயரம். ஆங்கிலம் தெரிந்தால் வேலை கிடைக்கும், அமெரிக்கா சென்று பிழைக்கலாம் என்று அவர்கள் எண்ணினார்கள். அவர்கள் பிள்ளைகளை வெறுத்தவர்கள் அல்லர், வறுமைக்கு அஞ்சியவர்கள்.

அந்த அச்சத்தை 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சம் உறுதிப்படுத்தியது. ஏழைகளின் முதன்மை உணவாகிய உருளைக்கிழங்கு ஒருவகை நோயால் மண்ணுக்குள்ளேயே அழுகியது. அதே வேளையில் தானியமும் கால்நடைகளும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன. 1852க்குள் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதி ஏழைகளே மிகுதியாக மடிந்தனர். அவர்களோடு மொழியும் மடிந்தது.

அந்த இருளிலும் ஓர் ஒளி தெரிந்தது. அமெரிக்காவில் தம் நிலத்திலிருந்து துரத்தப்பட்டுத் தாமே துன்புற்ற சாக்டா என்னும் பழங்குடியினர், 1847இல் 170 டாலர் திரட்டி ஐரிஷ் மக்களுக்கு அனுப்பினர். அந்நன்றியை ஐரிஷ் மக்கள் மறக்கவில்லை. 2020இல் கொரோனா நோயால் அமெரிக்காவின் நவஹோ, ஹோப்பிப் பழங்குடியினர் துன்புற்றபோது, அயர்லாந்திலிருந்து பல்லாயிரவர் பணம் அனுப்பினர்.

மீட்கும் முயற்சி

1893இல் டக்ளஸ் ஹைடு முதலியோர் ‘கேலிக் கழகம்’ நிறுவி ஐரிஷ் மொழியை மீட்கப் புறப்பட்டனர். ஹைடு ஒரு புராட்டஸ்டாண்டு குருவின் மகன். மொழிப்பற்றுக்கு மதவேறுபாடு இல்லை என்பதற்கு அவரே சான்று. 1938இல் அவர் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவரானார். 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஐரிஷை முதல் ஆட்சிமொழி ஆக்கியது. 2007இல் ஐரோப்பிய ஒன்றியமும் அதைத் தன் அலுவல் மொழிகளுள் ஒன்றாக ஏற்றது. கோடை விடுமுறையில் மாணவர்கள் ஐரிஷ் பேசும் சிற்றூர்களில் தங்கி அம்மொழியைப் பயிலுகின்றனர். அங்கே ஆங்கிலம் பேசினால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடும் வழக்கமும் உண்டு. காலச் சக்கரம் எப்படிச் சுழன்றுவிட்டது பாருங்கள்!

எனினும் இழந்ததை மீட்பது எளிதன்று. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், குடியரசில் 18 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்றனர். ஆனால் பள்ளிக்கு வெளியே அதனை அன்றாடம் பேசுவோர் ஏறத்தாழ 72 ஆயிரம் பேர் மட்டுமே.

நாம் கொள்ள வேண்டியது

தமிழ் முதலிய தென்னாட்டு மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என 1856இல் ஒப்பிலக்கண நூல் எழுதி நிறுவிய கால்டுவெல் ஐயர் பிறந்ததும் அயர்லாந்தில்தான். அத்தீவின் மகன் நம் மொழியின் பெருமையை நமக்கு எடுத்துரைத்தார். அத்தீவின் வரலாறோ நம்மை எச்சரிக்கிறது.

ஆங்கிலம் கற்பது தவறன்று. ஆங்கிலத்தில் எழுதியே யேட்ஸ், ஷா, ஹீனி ஆகிய ஐரிஷ் அறிஞர்கள் நோபல் பரிசு பெற்றார்கள். ஒரு மொழியைக் கற்பதற்காக மற்றொன்றைக் கைவிட வேண்டும் என்று நினைத்ததே தவறு. அயர்லாந்தில் சட்டம் செய்ய முடியாததை வீட்டின் மௌனம் செய்து முடித்தது. அரசியலமைப்பில் முதலிடம் பெற்றும் அடுக்களையில் இடம் இழந்த மொழி தள்ளாடுகிறது.

ஆகவே தோழியரே! வகுப்பில் ஆங்கிலம் நன்றாகக் கற்போம். வீடு திரும்பியதும் பாட்டியிடம் ஒரு பழமொழியோ விடுகதையோ கேட்போம்; ஊரிலுள்ள தாத்தாவுக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதுவோம்; தம்பி தங்கையரோடு தமிழில் பேசுவோம். பெற்றோரும் அதைக் கேட்டு மகிழ்வார்களாக. வேலி ஓரத்தில் ஒளிந்து கற்ற பிள்ளைகளுக்கு இல்லாத உரிமை நமக்கு இருக்கிறது. அதை வீணாக்காமல் இருப்பதே அவர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை.