மணமற்ற நஞ்சு

மார்கழிக் குளிரிலும் நம் இராசிபுரத்தார் கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் சென்று தங்குவதுண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், கரியடுப்பை அறையினுள் வைத்து உறங்கிய இருவர் மீண்டும் எழவில்லை. தீப் பற்றவில்லை, மூச்சே நஞ்சாயிற்று.

போதிய காற்றின்றிக் கரி எரிகையில் கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது இரத்தத்தைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், மயக்கம். பின்னர் மீளா உறக்கம்.

ஆதலின் தீயணைப்பு வீரர்கள் முதுகில் காற்றுருளையும் முகத்தில் மூடியும் அணிந்தே இத்தகைய வீட்டினுள் நுழைவர். வீழ்ந்தோரை வெளியே கொணர்ந்து பிராணவாயு அளிப்பர்; கதவு சன்னல்களைத் திறப்பர்; கருவியால் காற்றை அளந்து, நஞ்சு நீங்கியதை அறிந்த பின்னரே வீட்டாரை உள்ளே விடுவர்.

ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு பாய்வது அன்பின் வேகமே. ஆயினும் துணி இந்நஞ்சைத் தடுக்காது. மீட்கச் சென்றவரும் வீழ்வார். முதலில் 101-ஐ அழையுங்கள்.

பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையில் தணற்சட்டி வைக்கும் தாய்மாரே, சன்னலை அடைக்காதீர்கள். உறங்குமுன் சட்டியை வெளியே எடுத்துவிடுங்கள். குளிரைப் போர்வை தாங்கும்.