அரை மணி நடையும் இரண்டு இட்லியும்

வேலை, ஆற்றல், திறன் ஆகிய பாடங்களை நடத்தும்போது மாணவர்களை ஒரு கணக்குப் போடச் சொல்வது என் வழக்கம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் அரை மணி நேரம் நடக்கிறார். அவருடைய உடல் செலவிடும் ஆற்றல் எவ்வளவு?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் உடல் ஒவ்வொரு கிலோகிராம் எடைக்கும் மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவிடுகிறது. இந்த மனிதருக்கு அது மணிக்கு 60 கிலோகலோரி. மின்சாரக் கணக்கில் சொன்னால் 70 வாட்; ஒரு பழைய குண்டு பல்பு எரிவதற்குச் சமம். இந்த வேகத்தில் நடக்கும்போது செலவு ஏறத்தாழ மூன்றரை மடங்காகிறது. ஆகவே அரை மணிக்கு 105 கிலோகலோரி. நடுத்தர அளவுள்ள இரண்டு இட்லிகளில் இருப்பதும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

விடை வந்ததும் வகுப்பில் சிரிப்பு எழுவது உண்டு. ஒருமுறை கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவர் மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்தபின் வந்து கேட்டார்: "இரண்டு இட்லிக்காகவா சார் அரை மணி நேரம்? எங்கப்பா ரோலிங் மில்லில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கிறார். அவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளெல்லாம் உழைக்கிறவருக்கு நடை எதற்கு? அதற்கு நேரம்தான் ஏது?"

நியாயமான கேள்விகள். காலை 6 மணி ஷிப்டு, பிற்பகல் 2 மணி ஷிப்டு, இரவு 10 மணி ஷிப்டு என்று வாரத்துக்கு வாரம் மாறும் வாழ்க்கை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் பணிபுரியும் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை எட்டு மணி நேரத்தோடு முடிவதில்லை. கம்பெனிப் பேருந்திலோ புறநகர் ரயிலிலோ போய்வரும் நேரமும் அதோடு சேர்கிறது. நோயும் அருகில்தான் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு நோய் உள்ளது. அதாவது ஏழு பேரில் ஒருவருக்கு.

அந்த மாணவரின் முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். இரண்டு இட்லிக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் கேள்வியைத்தான் நாம் தவறாகக் கேட்டுவிட்டோம். நடையின் பயனைக் கலோரியால் மட்டும் அளக்கக் கூடாது.

தசையின் கதவு

நாம் உண்ட சோறு செரித்துக் குளூக்கோசாக இரத்தத்தில் கலக்கிறது. அதைப் பெருமளவில் வாங்கிச் சேமித்து வைக்கும் கிடங்கு நம் எலும்புத் தசைகள். ஆனால் குளூக்கோசு தசைச் செல்லினுள் தானாக நுழைந்துவிடாது. 'குளூட்-4' என்னும் ஒரு வகைப் புரதம் அதை உள்ளே அனுமதிக்கும் கதவாக அமைந்திருக்கிறது. இக்கதவுகள் சாதாரணமாகச் செல்லின் உட்புறத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றன. கணையம் சுரக்கும் இன்சுலின் வந்து தட்டியதும் அவை செல்லின் மேற்பரப்புக்கு வந்து பொருந்துகின்றன. எல்லைக்கோட்டில் இருப்பவர்களின் உடலில் இன்சுலின் தட்டினாலும் கதவுகள் சரிவர மேலே வருவதில்லை. உள்ளே போக வேண்டிய சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது.

இங்கேதான் வியப்பான ஒரு செய்தி உள்ளது. இக்கதவுகளை மேலே கொண்டுவர இரண்டாவது வழி ஒன்று உண்டு. தசை சுருங்கி விரிந்தாலே போதும். இன்சுலின் வராவிட்டாலும் வேலை செய்யும் தசை தன் கதவுகளைத் தானே திறந்துகொள்கிறது. இன்சுலினுக்குச் செவிசாய்க்காத தசையும் நடைக்குச் செவிசாய்க்கிறது! நடந்து முடித்த பின்னும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை அத்தசை இன்சுலினின் தட்டலை முன்னைவிட நன்றாகக் கேட்கிறது. பிறகு பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. 'தினமும்' என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் கிரிக்கெட் ஆடுவது நல்லதுதான். ஆனால் அதன் விளைவு வியாழக்கிழமை சாப்பாடு வரை நீடிக்காது.

சென்னையில் நடந்த சோதனை

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2006-ஆம் ஆண்டில் வெளியாயின. சேவை நிறுவனங்களில் பணிபுரிந்த நடுத்தர வர்க்கத்தினரையும் அவர்களுடைய குடும்பத்தினரையும் பரிசோதித்து, நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சராசரி வயது 46. ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும் தரப்பட்டது. இன்னொரு பிரிவினர் உணவைச் சீர்ப்படுத்தி, நாள்தோறும் குறைந்தது அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடக்க வேண்டும். மூன்றாம் பிரிவினருக்கு மெட்பார்மின் மாத்திரை. நான்காம் பிரிவினருக்கு இரண்டும்.

மூன்றாண்டு முடிவில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினர் நீரிழிவு நோயாளிகளாகிவிட்டனர். உணவையும் நடையையும் கடைப்பிடித்தவர்களில் 39.3 சதவீதத்தினரே நோயுற்றனர். மாத்திரை உட்கொண்டவர்களுக்கு 40.5, இரண்டையும் சேர்த்துக் கொண்டவர்களுக்கு 39.5. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மாத்திரைக்கு ஈடுகொடுத்தன. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பயன் ஏதும் தெரியவில்லை.

என்னைக் கவர்ந்தது வேறொரு செய்தி. நடந்தவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவில்லை! எடை இயந்திரத்தை மட்டும் பார்த்தவர் 'நடந்து என்ன பயன்?' என்று நிறுத்தியிருப்பார். இரண்டு இட்லிக் கணக்கு பொய்க்கவில்லை. எடை குறையாதபோதும் நோய் விலகி நின்றது. ஆனால் உணவும் நடையும் சேர்ந்தே மாற்றப்பட்டதால், இதில் நடையின் பங்கு மட்டும் எவ்வளவு என்று இந்தச் சோதனையிலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது. அதையும் சொல்லிவிடுவதே முறை.

நிற்பதும் உழைப்புத்தானே?

இனி மாணவரின் இரண்டாவது கேள்வி. இயற்பியலில் வேலை என்பது விசை, இடப்பெயர்ச்சி ஆகியவற்றின் பெருக்கற்பலன். எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பவர் இயற்பியலின்படி செய்யும் வேலை பூச்சியம் என்றால் எந்தத் தொழிலாளியும் சினம் கொள்வார், கால் கடுக்கிறதே! தசைகள் இறுகியே இருப்பதால் கடுக்கிறது. ஆனால் நிற்பதற்காகும் ஆற்றல் உட்கார்ந்திருப்பதைவிடச் சிறிதளவே அதிகம். களைப்பு வேறு, தசையின் இயக்கம் வேறு. நாள் முழுதும் கரும்பலகையின் முன் நிற்கும் ஆசிரியர்களான நாங்களும் இந்த ஏமாற்றத்துக்கு உட்பட்டவர்களே.

இந்த வேறுபாட்டை முதலில் அளந்து காட்டியவர் ஜெர்ரி மோரிஸ் என்னும் ஆங்கில மருத்துவர். இலண்டன் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் உட்கார்ந்தே இருப்பார். நடத்துனரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக ஒரு நாளில் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குவார். ஒரே நிறுவனம், ஒரே பேருந்து, ஏறத்தாழ ஒரே வகைக் குடும்பங்கள். 1953-இல் வெளியான அவருடைய ஆய்வு, நடத்துனர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வருவதையும், வந்தாலும் உடனடி மரணம் குறைவாக இருப்பதையும் காட்டியது. பிறகு அவர் பேருந்து ஊழியர்களின் சீருடை அளவுகளையும் தேடிப் பிடித்து, ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிது என்பதையும் கண்டறிந்தார். ஆராய்ச்சிக்கு எங்கெங்கெல்லாம் சான்று கிடைக்கிறது பாருங்கள்! மோரிஸ் தாமே நாள்தோறும் உடற்பயிற்சி செய்து 99 வயது வரை வாழ்ந்தார்.

அப்படியானால் மூட்டை தூக்குபவருக்கும் கம்பி இழுப்பவருக்கும் தனிப் பயிற்சி தேவையில்லையா? சென்னைச் சோதனையில் ஏற்கெனவே உடலுழைப்பு உள்ளவர்களையும், அரை மணிக்கு மேல் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போனவர்களையும் அப்படியே தொடருமாறுதான் சொன்னார்கள். ஆனால் 2021-இல் டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியவர்களுக்கு இதய நோய் குறைவு. வேலையில் கடுமையாக உழைத்தவர்களுக்கு அதிகம். மணிக்கணக்கில் இளைப்பாறாமல் சுமக்கும்போது இரத்த அழுத்தம் உயர்ந்தே இருப்பது காரணமாகலாம் என்கிறார்கள். வறுமையும் புகைப்பழக்கமும் கணக்கைக் குழப்பியிருக்கலாம் என்போரும் உளர். விவாதம் முடியவில்லை. மில்லில் நிற்பவர் நடக்க வேண்டும் என்பதில் மட்டும் ஐயம் இல்லை.

நேரத்தைத் துண்டாக்கலாம்

அரை மணி என்றதும் அதிகாலையில் வெள்ளைக் காலணியுடன் கடற்கரையில் நடப்பவர்கள் நம் நினைவுக்கு வருகிறார்கள். அந்தச் சித்திரமே பலருக்குத் தடையாகிவிடுகிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம் தேவை என்று கூறும் உலக சுகாதார நிறுவனம், முன்பு ஒவ்வொரு தவணையும் 10 நிமிடமாவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வைத்திருந்தது. 2020-இல் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. சிறு துண்டுகளும் கணக்கில் சேரும்.

சர்க்கரையைப் பொறுத்தவரை துண்டாக்குவதில் தனி ஆதாயமும் உண்டு. 2013-இல் அமெரிக்காவில் முதியவர்களிடம் ஒரு சிறு சோதனை நடந்தது. மூன்று வேளை உணவுக்குப் பின்னும் 15 நிமிடம் நடந்தது, காலையில் ஒரே மூச்சில் 45 நிமிடம் நடந்ததற்கு ஈடாக நாள் முழுதும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தியது. இரவு உணவுக்குப் பிந்தைய ஏற்றத்தை அது இன்னும் நன்றாகவே தணித்தது. கலந்துகொண்டவர்கள் 10 பேர்தான் என்றாலும் தசைக்கதவின் கதையோடு இது பொருந்துகிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேளையிலேயே கதவைத் திறந்து வைக்கிறோம் அல்லவா?

ரயில் நிலையப் படிகளையும் மறந்துவிட வேண்டாம். 60 கிலோ மனிதர் 6 மீட்டர் உயரத்தை 20 வினாடியில் ஏறினால், புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொள்ள, வேலை 3,600 ஜூல். திறன் 180 வாட். கால் குதிரைத் திறனுக்குச் சற்றே குறைவு. தசையின் திறமை கால் பங்குதான் என்பதால் உடல் இதற்காகச் செலவிடும் வீதம் 700 வாட்டை எட்டுகிறது. இதயம் அதை உணராமல் இருக்காது. மூட்டு வலியோ நெஞ்சு வலியோ உள்ளவர்களும், இன்சுலின் ஊசி போடுபவர்களும் மருத்துவரைக் கேட்டபின்பே தொடங்க வேண்டும்.

நம் பகுதிக்கென்று ஓர் இடையூறு உண்டு. அதுதான் புழுக்கம். சமதரையில் நடப்பவர் செலவிடும் 245 வாட்டும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். வியர்வையால் மட்டுமே குளிர வேண்டுமானால் அரை மணிக்கு ஏறத்தாழ 180 கிராம் ஆவியாக வேண்டும். ஒரு தம்ளர் நீர். பழவேற்காட்டுப் பக்கத்து ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகிறது. வழிந்த வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. உலைக்கு அருகில் எட்டு மணி நேரம் வெந்தவர் சித்திரை வெயிலில் அதற்கு மேல் நடக்கக் கூடாது; தண்ணீர் குடித்து, உடல் ஆறி, பொழுது சாய்ந்தபின் நடப்பதே சரி.

இரவு ஷிப்டு வாரம்தான் கடினமானது. நம் உடலின் உட்கடிகாரப்படி நள்ளிரவு சர்க்கரையைக் கையாளும் நேரம் அன்று. பகலில் உண்ட அதே சோறு அப்போது இரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றுகிறது. ஆகவே இரவு கேன்டீன் சாப்பாட்டை அளவோடு நிறுத்தி, உடனே 10 நிமிடம் நடக்கச் சொல்லுங்கள் என்று அந்த மாணவரிடம் கூறினேன். கேன்டீனிலிருந்து லாரி எடைமேடை வரை போய்த் திரும்பினால் எத்தனை நிமிடம் ஆகிறது என்று தந்தையாரைப் பார்த்து வரச் சொல்லியிருந்தேன். நான்கு நிமிடமாம். இரண்டரை முறை போய்வந்தால் போதும். அந்த அரை முறையை என்ன செய்வது என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்.