மார்கழியில் மலையேறும் உடம்பு

சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையம் சேரும்போது யாரும் ஸ்வெட்டரைத் தேடுவதில்லை. அங்கிருந்து ஏறும் பஸ் குன்னூரை நெருங்கியதும் ஒவ்வொரு பையாகத் திறக்கும். உதகையில் இறங்குவதற்குள் குல்லா, மப்ளர் எல்லாம் ஏறிவிடும். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊர் திரும்பும் நீலகிரிப் படுகர்கள் பலருக்கும் இது வருடா வருடம் பழகிய பயணம்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம். உதகை சுமார் 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது கணக்கு. இரண்டு, மூன்று மணி நேரத்தில் உடம்பு 12 டிகிரியைக் கடந்துவிடுகிறது.

வாசலில் வரவேற்கும் தம்பியோ வெறும் சட்டையோடு நிற்பார். ஒரே வீட்டில் பிறந்தவர்கள்தான், ஒருவருக்கு மட்டும் பல் கிட்டுகிறது. சென்னைக்குப் போய்ச் சொகுசு பழகிவிட்டது என்று வீட்டார் கேலி செய்வது நியாயமில்லை. வெயிலில் இரண்டு வாரம் வாழ்ந்தாலே உடம்பு மாறத் தொடங்குகிறது: வியர்வை சீக்கிரம் சுரக்கிறது, அதில் உப்பு குறைகிறது, ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. குளிருக்கும் இப்படி ஒரு பழக்கம் உண்டு. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சிலரைத் தினம் ஆறு மணி நேரம் 15 டிகிரி அளவுக் குளிரில் பத்து நாள் இருக்க வைத்தார்கள். வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு அவர்களிடம் சுறுசுறுப்பானது. நடுக்கமும் அசௌகரியமும் குறைந்தன. தம்பிக்கு அந்தப் பயிற்சி தினமும் நடக்கிறது. அண்ணனுக்கோ உடம்பு பழகி வரும்போது லீவு முடிந்துவிடுகிறது.

குளிரை மூளைக்குச் சொல்வது தோல் நரம்புகளில் உள்ள டிஆர்பிஎம்8 என்ற புரதம். புதினாவின் மென்தால் தூண்டுவதும் இதைத்தான். அதனால்தான் புதினா மிட்டாய் வாயில் சில்லென்கிறது. இந்தப் புரதத்தை 2002இல் தனித்தனியே அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவரும் வெப்ப, தொடு உணர்வு ஆய்வுகளுக்காக 2021இல் நோபல் பரிசு பெற்றார்கள். வெப்பம் எவ்வளவு என்பதைவிட அது எவ்வளவு மாறியது என்பதையே தோல் கூர்மையாக உணர்கிறது. ஒரு கையை வெந்நீரிலும் மறு கையைக் குளிர்நீரிலும் சற்று நேரம் வைத்துவிட்டு, இரண்டையும் வெதுவெதுப்பான நீரில் விட்டால் ஒரு கைக்குச் சில்லென்றும் மறு கைக்குச் சூடாகவும் இருக்கும். சமவெளியிலிருந்து வந்தவருக்கு முதல் நாள் காலைக் காற்று அத்தனை புதிதாக இருப்பது இதனால்தான். ஊரிலேயே இருப்பவருக்குக் கிடைக்காத சுகம் இது.

அந்த விடியலில் உதகை அருகே தலைகுந்தா புல்வெளிக்குப் போக வேண்டும். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்குக் கொட்டிவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. மார்பு உயரத்தில் வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே காலடிப் புல் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கலாம். குனிந்து பார்த்தால் புல்நுனியில் இருப்பது உறைந்த துளி மட்டுமல்ல; காற்றின் ஈரம் நீராகாமலே நேரடியாகப் படிந்த பனி ஊசிகளும்தான். மேட்டிலுள்ள வீட்டு முற்றத்திலோ அன்று ஒன்றுமே இருக்காது. உதகை தாவரவியல் பூங்காவில் உறைபனியிலிருந்து காக்க மலர்ச்செடிகள் மேல் கோத்தகிரி மிலார் என்ற செடியின் தழைகளைப் போர்த்துவார்கள். மேலே ஒரு மறைப்பு இருந்தால் போதும், செடியின் சூடு வானத்துக்குத் தப்புவது குறைந்துவிடும்.

வெயில் ஏறியதும் பனி உருகிப் புல்லெல்லாம் ஈரமாகிறது. முதுகை வெயிலுக்குக் காட்டி டீ குடித்தபடி நிற்பவரின் ஸ்வெட்டர், பத்து மணிக்குள் இடுப்பில் கட்டப்பட்டுவிடும்.